வண்டலூர் வீட்டில் ஒரு நாலு ஓட்டை கால்குலேட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டலூர் ஸ்டேஷனில் இறங்கினால், யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். தோளில் குழந்தை, தலையில் தொப்பி என்றால் உயிரியல் பூங்கா. டிராலி பெட்டியை உருட்டினால் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். இரண்டும் இல்லையென்றால் ஊர்க்காரர்கள், அல்லது என்னைப் போல் பெரியப்பா வீட்டுக்கு வருகிறவர்கள்.

சென்னை சென்ட்ரல் பக்கம் இருந்த பழைய மிருகக்காட்சி சாலையை வண்டலூருக்குக் கொண்டுவரும் வேலை 1979-ல் தொடங்கியது. 1985-ல் பூங்கா திறக்கப்பட்டது. அதே 1979-ல் அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் ஹெச்.பி.-41சி என்ற கால்குலேட்டரை வெளியிட்டது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பெரியப்பாவைத் தவிர. வளைகுடா நாட்டில் சர்வேயராக இருந்தபோது 1984-ல் அதன் தம்பியான 41சிவி-யை வாங்கினார். வேலை முடிந்து திரும்பி வந்து வீடு கட்டியது வண்டலூரில். "அப்போ இங்கல்லாம் ராத்திரி சிங்கம் கத்துறது வீட்டுக்குள்ளயே கேக்கும்டா" என்பார். இப்போது ஜி.எஸ்.டி. ரோடு ஹாரன்தான் கேட்கிறது.

இந்த கால்குலேட்டரில் 'ஈக்வல் டு' பொத்தான் கிடையாது. 2 அழுத்தி, என்டர் தட்டி, 3 அழுத்தி, கடைசியில் கூட்டல் குறியைத் தொட வேண்டும். பழகாதவர்கள் கடன் கேட்க மாட்டார்கள் என்பது கூடுதல் வசதி. 1981 ஏப்ரலில் கொலம்பியா விண்வெளி ஓடம் முதன்முதலாகப் பறந்தபோது இந்த 41சி வகையும் கூடவே போனது. விண்கலத்தின் எடை மையத்தையும், தரை நிலையத்தின் சிக்னல் எப்போது கிடைக்கும் என்பதையும் கணக்கிட அது பயன்பட்டது.

அதன் தலைப்பக்கத்தில் நான்கு ஓட்டைகள் உண்டு. விரல்நுனி அகலத்தில் சின்னச் சின்ன மாட்யூல்களை அதில் செருகலாம். என்ன செருகுகிறோமோ அந்த வேலைக்கான மெஷினாக அது மாறிவிடும். பெரியப்பாவிடம் இருப்பவை ஆறு: சர்வேயிங், கணக்கு, விளையாட்டு, நேரம், 'எக்ஸ்-ஃபங்ஷன்ஸ்', அப்புறம் காந்த அட்டை படிக்கும் கார்டு ரீடர். ஓட்டையோ நாலு. சிவில் மூன்றாம் வருடம் படிக்கும் பேத்திக்கு அடுத்த மாதம் சர்வே கேம்ப். அதற்குள் எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்யத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"எல்லா மாட்யூலும் ஃபோன்லயே வருது தாத்தா" என்றாள் பேத்தி. வாஸ்தவம்தான். இந்த கால்குலேட்டரை அப்படியே நடிக்கும் ஆப்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று 2020-ல் இதே வடிவில் புதிய கருவியே செய்துவிட்டது. அதில் மாட்யூலை ஃபைலாக ஏற்றிக்கொள்ளலாம், ஓட்டையே வேண்டாம். ஆனால் பெரியப்பா சைட்டில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம்கள் எந்த ஃபோனிலும் இல்லை. பேட்டரி கழற்றிக் கிடந்த வருடங்களில் மெஷினின் ஞாபகமும் அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் உறையில் பதினோரு காந்த அட்டைகள். லெவலிங் கணக்கும், மண் வெட்டிய கனஅளவுக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. பேத்திக்கு வேண்டியதும் அதுதான்.

மெஷினுக்குள் எவ்வளவு இடம் தெரியுமா? முதலில் வந்த 41சி-யில் 63 ரிஜிஸ்டர், ஒன்றுக்கு 7 பைட். சிவி-யில் உள்ள 'வி' ரோமன் ஐந்து. ஐந்து மடங்கு, அதாவது 319 ரிஜிஸ்டர். மொத்தம் 2,233 பைட். நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரையில் இரண்டு பத்திகூட அதில் அடங்காது. அதனால்தான் மாட்யூல் தேர்வு முக்கியமாகிறது. சர்வேயிங் மாட்யூலில் உள்ள புரோகிராம்கள் மாட்யூலுக்குள்ளேயே இருக்கும், நம் 2,233 பைட்டில் கை வைக்காது. டிராவர்ஸ் கணக்கு, அதில் வரும் பிழையைப் பங்கிட்டுச் சரிசெய்வது, சாலை வளைவு எல்லாம் அதில் தயாராக இருக்கின்றன. எனவே முதல் ஓட்டை அதற்கு. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

இரண்டாவதுக்குத்தான் வாக்குவாதம். கணக்கு மாட்யூலா, எக்ஸ்-ஃபங்ஷன்ஸா? எக்ஸ்-ஃபங்ஷன்ஸ் என்பது வீட்டுப் பரண் மாதிரி. கூடுதலாக 127 ரிஜிஸ்டர் கிடைக்கும். ஆனால் பரணில் சமைக்க முடியாது, புரோகிராமைக் கீழே இறக்கித்தான் ஓட்ட வேண்டும். என் ஓட்டு பரணுக்கே. கணக்கு மாட்யூல் செய்வதை இன்று எந்த ஃபோனும் செய்துவிடும். ஆனால் அட்டையிலிருந்து மீட்கும் புரோகிராமை உள்ளேயே பத்திரப்படுத்த இடம் வேண்டாமா?

பழைய மெஷினைத் தேடி வாங்குகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தனி மெமரி மாட்யூல் பழைய 41சி-க்கு மட்டும்தான் பிரயோஜனம். சிவி-யில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, செருகினாலும் ஒரு பைட் கூடாது. 1983-ல் வந்த 41சிஎக்ஸ்-ல் நேரம், எக்ஸ்-ஃபங்ஷன்ஸ் இரண்டும் பிறவியிலேயே உண்டு. அதற்கும் காசு கொடுக்க வேண்டாம். எதைச் செருகினாலும், உருவினாலும் முதலில் மெஷினை ஆஃப் செய்துவிடுங்கள்.

மறுநாள் பேட்டரி தேட ரிச்சி தெருவுக்குப் போனேன். வண்டலூரிலிருந்து எழும்பூர் வரை எலக்ட்ரிக் டிரெயின், அங்கிருந்து ஆட்டோ. வழியில் பரங்கிமலை. அந்த மலையைத் தாண்டும்போது எந்த சர்வேயரும் ஒருமுறை தலையைத் திருப்பத்தான் வேண்டும். 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்ப்டன் இங்கேதான் அளவுச் சங்கிலியை விரித்தார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். நூறடி எஃகுச் சங்கிலியை எடுத்து எடுத்து வைத்து, வெயிலில் அது நீள்வதற்குக்கூடக் கணக்கு வைத்து, 57 நாளில் அளந்து முடித்தார்கள். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும்பணிக்கு அதுதான் அடிக்கோடு. அதற்கும் எட்டு வருடம் முன்பே, 1794-ல், சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளிதான் பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியானது. ஆக, பரங்கிமலைக்கும் வண்டலூருக்கும் நடுவில் ஒரு சர்வேயிங் மாட்யூலைப் பற்றி இவ்வளவு யோசிப்பது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ரிச்சி தெருவில் "என் சைஸ் பேட்டரி இருக்கா?" என்று கேட்டேன். "உங்க சைஸுக்கு இல்ல சார்" என்று பதில் வந்தது. 'என்' என்பது ஆங்கில எழுத்து என்று விளக்குவதற்குள் அவர் அடுத்த ஆளுக்கு சார்ஜர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குட்டையாக, தடிமனாக இருக்கும் அந்த பேட்டரி நாலு வேண்டும். நான்காவது கடையில் இரண்டு கிடைத்தது. மற்ற இரண்டையும் ஆன்லைனில்தான் வாங்கினோம்.

கார்டு ரீடர்தான் கடைசி மலை. அட்டையை இழுக்கும் ரப்பர் சக்கரம் வெல்லப் பாகாக உருகியிருந்தது. இந்த ரீடர்கள் எல்லாவற்றுக்கும் வயதானால் வரும் வியாதி இது. பெரியப்பா ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒரு மதியம் முழுக்கத் துடைத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டுக் குழாய்க் கடையில் ஒரு கைப்பிடி ஓ-ரிங் வாங்கி வந்து, கனம் சரியாகப் பொருந்திய இரண்டை சக்கரத்தில் மாட்டினோம். நேர மாட்யூல் வெளியே போனது. "எங்கிட்ட வாட்ச் இருக்கு தாத்தா" என்று பேத்தியே தீர்ப்பு சொல்லிவிட்டாள். விளையாட்டு மாட்யூலைப் பெரியம்மா பூஜை அலமாரி டிராயரில் வைத்துக்கொண்டார். அவர் மகன் சின்ன வயதில் விளையாடியது அது.

சர்வேயிங், எக்ஸ்-ஃபங்ஷன்ஸ், கார்டு ரீடர். மூன்று ஓட்டை நிறைந்தது. நான்காவதுக்கு மூடியையே போட்டுவிட்டோம்.

பெரியப்பா முதல் அட்டையைக் கொடுத்தார். மோட்டார் முனகியது, அட்டை பாதியில் நின்றது. "ஓ-ரிங்கை மாத்துடா, இது கொஞ்சம் மெல்லிசு" என்றார். மாற்றினோம். இந்த முறை அட்டை வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது. மூன்றில் இரண்டாவது தடத்தைக் கொடு என்று திரையில் எழுத்து வந்தது. பேத்தி அட்டையைத் திருப்பிப் போட்டாள்.

பதினோரு அட்டையில் ஏழு படித்தது. லெவலிங் முழுசாகக் கிடைத்தது. மண் வெட்டும் கணக்கில் ஒரு தடம் போய்விட்டது. விட்டுப்போன வரிகளைப் பெரியப்பா கண்ணை மூடிச் சொல்லச் சொல்ல, அவள் கிராஃப் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்.