தொடங்குவோர்க்கு ஒரு துவக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே ‘துவக்கு’ என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குவது யாவரும் அறிந்ததே. ஏவல் வினையாகக் கொண்டால் ‘ஆரம்பி’ என்பது பொருள். பெயராகக் கொண்டால் அது சுடுகருவி. முன்னையது நம் மொழிக்குரியது. பின்னையதோ ‘துப்பாக்கி’ என்ற சொல்லைப் போலவே துருக்கிய மொழியின் வழியாக வந்து நம்மிடம் தங்கிவிட்டது. (வான்சிறப்பு அதிகாரத்திலே வள்ளுவர் ஆளும் ‘துப்பாக்கி’க்கும் இதற்கும் உறவேதுமில்லை என்பதைப் புதுமுக மாணவர்க்கு எடுத்துரைக்க ஒவ்வொரு தமிழ்த்துறையிலும் ஒருவர் இருப்பார்.) இவ்விரண்டு துவக்குகளும் ஒன்றையொன்று சந்தித்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

2019 ஆம் ஆண்டிலே ஆய்வு விடுமுறை பெற்று, ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் வாழும் அக்காவின் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நடந்து கடந்தவர்களுள் அக்காவும் அத்தானும் இருந்தனர். மறு ஆண்டு கொழும்பிலே அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். இரண்டு வயதில் அமெரிக்கா சென்ற அவள், இப்போது ஆஸ்பத்திரியொன்றில் தாதியாகப் பணிபுரிந்தாள். நள்ளிரவில் வேலை முடிந்து ஆளரவமற்ற வாகனத் தரிப்பிடத்திலே தனியே நடக்க வேண்டியிருந்தது. தனக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்று ஒருநாள் இரவுணவின்போது சொன்னாள்.

அக்கா அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை என்னைத் தனியே அழைத்து, “தம்பி, அவள் சனிக்கிழமை எங்கையோ சுடப் பழகுற இடத்துக்குப் போகப்போறாளாம். நீயும் கூடப் போ. போய் எப்பிடியெண்டாலும் அவளை மறி” என்றார். ஆகவே, நான் போனது துப்பாக்கி தெரிவு செய்வதற்கன்று; தெரிவு செய்யவிடாமல் தடுப்பதற்கு.

போவதற்கு முன்னர் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, என்னைப்போலத் தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே பொதுவாகக் குற்றமாகும். அதற்குரிய விலக்குகளுள் ஒன்று, மாநிலம் வழங்கும் செல்லுபடியான வேட்டை அனுமதிப்பத்திரத்தை வைத்திருத்தல். கோழியுரிக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்பவனாகிய நான், பணங்கட்டி முறைப்படி வேடனானேன்.

பயிற்சிக்கூடத்தின் முன்பகுதி ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளே நகைக்கடையிற்போல வரிசையாகக் கைத்துப்பாக்கிகள் கிடந்தன. விற்பனையாளர் என் மருமகளின் கைகளைப் பார்த்தார். உடனே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறிய றிவோல்வரை எடுத்து வைத்தார். ஐந்து ரவைகள் கொள்ளும். குழலின் நீளம் இரண்டு அங்குலத்திற்கும் குறைவு. மொத்த நிறை 400 கிராமுக்குச் சற்றே கூடுதல். சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கி, பெண்களுக்கு ஏற்றது என்று அவர் கூறினார்.

கேட்பதற்கு நியாயமாய்த் தோன்றும் இக்கூற்று முற்றிலும் பிழையானது. க. பொ. த. உயர்தரத்திலே பௌதிகவியல் படித்தவர் எவரும் அதைச் சிந்தித்து அறியலாம். சன்னம் முன்னோக்கிக் கொண்டுசெல்லும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகின்றது. திணிவு குறையக் குறையப் பின்னுதைக்கும் வேகம் கூடும். அதே ரவையை ஒரு கிலோகிராமளவு நிறையுள்ள முழு அளவு றிவோல்வரில் இட்டுச் சுட்டால், கையைத் தாக்கும் வேகம் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ இருக்கும். மேலும், முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட தூரம் குறைவாதலால், கையில் நேரும் சிறு அசைவும் இலக்கிலே பெரும் பிழையாக விரியும். விசையை அழுத்துவதற்கோ ஐந்து கிலோகிராமளவு இழுவை வேண்டும். சட்டைப்பைக்குள் மறைத்துக் கொண்டுசெல்லத் தேர்ந்தவர்க்கென உருவான கருவியைத் தொடங்குபவரிடம் கொடுப்பது, நீந்தத் தெரியாதவனைக் கீரிமலைக் கேணியை விட்டுவிட்டுக் கடலில் இறக்குவது போன்றதாகும்.

இதையெல்லாம் நானே அங்கு விளக்கினேன் என்று எண்ணவேண்டாம். எழுபது வயது மதிக்கத்தக்க, ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான பயிற்றுநர் ஒருவரே, விற்பனையாளர் அகன்றபின் தாழ்ந்த குரலில் விளக்கினார். அவர் முதலிற் செய்தது துப்பாக்கியைக் காட்டுவதன்று, கண்ணைச் சோதிப்பது. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு துளை அமைத்து, அதனூடே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பின்னர் ஒரு கண்ணை மூடச் சொன்னார். வலக்கைப் பழக்கமுள்ள மருமகளுக்கு ஆட்சிக் கண் இடக்கண் என்பது தெரியவந்தது. நீள்துப்பாக்கியில் இஃது ஒரு தொல்லை; கைத்துப்பாக்கியிலோ கையைச் சிறிது இடப்புறம் நகர்த்தினால் தீர்ந்தது.

அதன்பின் சுவரில் எழுதியிருந்த நான்கு விதிகளை எங்களை வாய்விட்டுப் படிக்கச் செய்தார். எந்தத் துப்பாக்கியையும் ரவை நிரப்பியதாகவே கருதுக. அழிக்க விரும்பாத எதனை நோக்கியும் குழலைத் திருப்பாதே. இலக்கில் குறி படியும்வரை விசையில் விரல் வையாதே. இலக்கையும் அதன் பின்னால் உள்ளதையும் அறிந்துகொள். 1976 இல் அரிசோனாவிலேயே பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவிய ஜெஃப் கூப்பர் வகுத்துப் பரப்பிய விதிகள் இவை. எங்கள் ஊரிலே துவக்கு ஏந்தி நின்றவர்களுள் எத்தனை பேருக்கு இரண்டாவது விதி தெரிந்திருந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

மருமகளுக்கு ஆசை ஒன்பது மில்லிமீற்றர்க் குளொக் 19 மீது. அந்நாட்டிலே காவற்றுறையினரும் பொதுமக்களும் பெரிதும் கையாளும் துப்பாக்கி அது. ரவைக்கூட்டில் 15 ரவைகள் கொள்ளும். பெருவிரலால் இயக்கும் பூட்டு அதில் இல்லை. காப்பு விசையிலேயே அமைந்திருக்கிறது. ஆசிரியை மறுக்கவில்லை. காதுக்குள் பஞ்சடைப்பும் அதன்மேல் காதுமூடியும் அணிவித்து, ஏழு யார் தூரத்தில் கடதாசி இலக்கைத் தொங்கவிட்டு, ஐந்து ரவைகள் மட்டும் கொடுத்தார். முதலாவது துளை நடுவட்டத்தில் விழுந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக இடப்புறமாய்க் கீழிறங்கின.

முதற்சூடு நன்றாயிருந்ததற்குக் காரணம், வரப்போவது இன்னதென்று கை அறியாதிருந்ததே என்றார் ஆசிரியை. அறிந்தபின், வெடிக்கும் கணத்திற்கு ஒரு நொடிக்கூறு முன்னரே கை தானாக இறுகிக் குழலைத் தாழ்த்திவிடுகின்றது. இத்தகைய அதிர்வை நாலைந்து நாட்களில் கை கற்றுக்கொள்ளும். மறக்கவோ ஆண்டுகள் செல்லும். ஆதலின், முதற் கைத்துப்பாக்கி கைக்கு அச்சத்தைக் கற்பிக்காததாய் இருக்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. ‘இருபத்திரண்டு’ எனப்படும் சிறு ரவையைச் சுடும் றூகர் மார்க் 4 பிஸ்டலை அவர் எடுத்துவந்தார்.

அச்சிறு ரவை 1887 ஆம் ஆண்டு முதல் வழக்கிலிருப்பது. அதன் சன்னம் 2.6 கிராம், ஒன்பது மில்லிமீற்றர்ச் சன்னமோ ஏழரைக் கிராம். வேகத்தில் பெரும் வேறுபாடில்லையாதலால் உந்தம் மூன்றிலொன்றாகின்றது. நாங்கள் எடுத்த நீண்ட குழல் மார்க் 4 ஒரு கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ளது. ஆகவே பின்னுதைப்பின் வேகம் குளொக்கினதில் ஏறத்தாழ ஐந்திலொன்றே. ரவையின் விலையும் அப்போது மூன்றிலொன்று அளவில் இருந்தது. ஒரே செலவில் மும்மடங்கு பயிற்சி! முன்னைய மார்க் வரிசைகளைத் துப்புரவாக்கக் கழற்றிப் பூட்டுவது பெரும் சோதனை. 2016 இல் வந்த மார்க் 4 இல் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தற்காப்புக்கு இது சிறந்ததா என்று மருமகள் கேட்டாள். அல்லவென்று ஆசிரியை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். இது கற்பதற்கு, காப்பதற்கு எது என்பதைக் கற்றபின் தெரிந்துகொள்ளலாம், அப்போதும் வேண்டுமென்று தோன்றினால்.

அந்தக் கடைசிச் சொற்களைப் பற்றிக்கொண்டு நான் என் தூதை நிறைவேற்ற முயன்றிருக்கலாம். வீட்டில் துப்பாக்கி இருப்பது தற்கொலையால் இறக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றது என்பதை அந்நாட்டு மருத்துவ ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அவளும் தாதி, அறியாதவளல்லள். ஆனால், அதற்குள் “நீங்களும் ஒருக்காச் சுட்டுப் பாருங்கோ, மாமா” என்று பிஸ்டலை மேசைமீது வைத்துவிட்டு அவள் விலகி நின்றாள்.

எடுத்தேன். முதற் பத்துச் சூடுகளும் நடுவட்டத்தைச் சுற்றியே விழுந்தன என்பதைச் சிறிது பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். பின்னர் ஒரு ரவை வெடிக்கவில்லை. இச்சிறு ரவைகளில் தீமூட்டும் மருந்து அடிவிளிம்புக்குள் பரப்பப்பட்டிருப்பதால், இடைக்கிடை இவ்வாறு பொய்த்துப்போவதுண்டு. இலக்கை நோக்கியபடியே அரை நிமிடம் அசையாது நிற்குமாறு ஆசிரியை கட்டளையிட்டார். தாமதித்து வெடிக்கவும் கூடும். நான் நின்றேன். ஆனால், நான் கண்டதை அவரும் கண்டுவிட்டார். விசை ‘டிக்’ என்று விழுந்தபோது, ஓசையுமில்லை, உதைப்புமில்லை; குழல் மாத்திரம் ஓர் அங்குலம் தாழ்ந்து, என் தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன.

இந்த அதிர்வை உமக்கு இந்தத் துப்பாக்கி கற்பிக்கவில்லையே என்றார் அவர்.

கற்பித்தது 1990 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையிடப்பட்டிருந்த அந்த மாதங்களில் எனக்குப் பதினான்கு வயது. வீட்டுக் கோடியிலே பனங்குற்றிகள் அடுக்கி, மண்மூடைகள் பரப்பிய பதுங்குகுழி ஒன்று இருந்தது. தொலைவில் உலக்கை குத்துவதுபோல ஓர் ஒலி எழும். அது எறிகணை புறப்படும் ஒலி. வந்து விழுவதற்குள் சில எண்ணிக்கை அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்துக்குள் கையிலிருந்த கோப்பையையோ கொப்பியையோ போட்டுவிட்டு நிலத்தோடு நிலமாகப் படுக்கவேண்டும். யோசிப்பவன் பிந்திவிடுவான். ஆகவே, எங்கள் உடம்புகள் யோசியாமற் பழகின. வெடிப்பதற்கு முன்னரே குறுகப் பழகின. அப்பழக்கத்தினாலேயே நாங்கள் சிலர் பிழைத்தோம். பிறகு பல்கலைக்கழகம் சென்றேன், பட்டம் பெற்றேன், கலாநிதியானேன். தேர்த்திருவிழாவில் அதிர்வெடி போடுமுன் என் தோள் ஏறுவதைப் பிறர் கவனித்ததில்லை, நானும் கவனித்ததில்லை.

ஆசிரியையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. போர் நடந்த ஊர் என்று மட்டும் சொன்னேன். அவர் மேலும் வினவாமல், றூகரை வாங்கி வைத்துவிட்டு, ஸ்மித் அன்ட் வெஸன் 617 என்னும் பாரமான இருபத்திரண்டு றிவோல்வரைக் கொண்டுவந்தார். பத்து அறைகள் கொண்டது. எனக்குக் காட்டாமல் ஆறு அறைகளில் ரவைகளும் நான்கில் வெற்றுக் கோதுகளும் இட்டு, சுழலியைச் சுழற்றி மூடிக் கையில் தந்தார். எது வெடிக்கும், எது வெடிக்காது என்பது சுடுபவனுக்குத் தெரியாது. வெற்றுக் கோதின்மேல் விசை விழுகையிலே கையின் உண்மை வெளிப்பட்டுவிடும். நான்கு கோதுகளுக்கும் நான்கு முறை என் குழல் தாழ்ந்தது. மருமகள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் வாகனத்தை ஓட்டிக்கொண்டே, “அம்மாக்கும் இப்பிடித்தானோ, மாமா?” என்று கேட்டாள். அம்மா சமையலறையில் மூடி விழுந்தாலும் முதலில் யன்னலைப் பார்ப்பார் என்பதை அவள் சிறுவயதிலிருந்தே கண்டிருக்கிறாள், காரணம் கேட்டதில்லையாம். நான் நாவற்குழிப் பாலத்தின் கதையைச் சொன்னேன். அவளுக்கு அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை.

அக்காவிடம் நான் தடுத்துவிட்டேனென்றும் சொல்லவில்லை, தோற்றுவிட்டேனென்றும் சொல்லவில்லை. அன்று எதுவும் வாங்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவரும் போனோம். அவள் வாடகைக்கு றூகரை எடுப்பாள்; நான் 617 ஐ எடுப்பேன். ஆறாவது வாரத்தில் அவளுடைய துளைகள் யாவும் ஓர் ஏலப் பிஸ்கட் அளவு வட்டத்துக்குள் அடங்கின. குளொக்கைப் பற்றிய பேச்சை அவள் எடுக்கவில்லை; கைவிட்டாளென்றும் நான் கருதவில்லை.

நான் நாடு திரும்புவதற்கு முந்திய சனிக்கிழமை, ஆசிரியை வழக்கம்போல ஆறும் நான்குமாக நிரப்பித் தந்தார். சுட்டு முடித்ததும் கடதாசி இலக்கின் ஓரத்தில் பென்சிலால் ‘நான்கில் இரண்டு’ என்று குறித்தார். பின்னர் கோதுகளைத் தட்டிக் கொட்டிவிட்டு, மீண்டும் நிரப்பத் தொடங்கினார்.