பைண்டரும் கத்திரி வெயிலும்



என் தம்பியின் பேரன் திருநம்பி. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். மார்பைத் தட்டையாகக் காட்ட பைண்டர் என்கிற இறுக்கமான உள்ளாடை போடுகிறான். "இந்த வெயிலில் அது எதற்கு?" என்று நம் வீட்டில் பலர் கேட்கிறீர்கள். அது இல்லாமல் தெருவில் இறங்க அவனுக்கு உடம்பு கூசுகிறது, அதனால்தான். கழற்றச் சொல்வதை விட்டு, பத்திரமாகப் போட உதவுவோம்.

ஒரு நாளில் 8 மணி நேரம் போதும். போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. அளவு சரியாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக கிரேப் பேண்டேஜ் சுற்றினால் விலா எலும்புக்கு ஆபத்து. உள்ளே மெல்லிய பருத்தி பனியன், மேலே தொளதொள சட்டை நல்லது. வெளிவேலையைக் காலையிலேயே முடிக்கலாம். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீரோ உப்புப் போட்ட நீர்மோரோ குடிக்க வேண்டும். வியர்வையில் ஊறியதைத் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி போட வேண்டும். இல்லாவிட்டால் வேர்க்குரு வரும். தலைசுற்றல், குமட்டல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே கழற்ற வேண்டும். தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

இவ்வளவும் அவன் பொறுப்பு. நம் பொறுப்பு ஒன்று உண்டு. நடுநடுவே கழற்றி ஆற அவனுக்கு இடம் வேண்டும். கூடத்தில் எல்லோரோடும் படுப்பவன் எங்கே கழற்றுவான்? விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் ஒரு மின்விசிறியும் கொடுங்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள்.

உங்கள் பிள்ளைகளிலும் இப்படி ஒருவர் இருக்கலாம், கண்ணுகளா.