லிஸ் யாரு, நீலப் பறவை யாரு?

அனிமேன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? வாள் சண்டை, நிஞ்சா, கையில இருந்து கிளம்புற நெருப்பு? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. போன செமஸ்டர் லீவுல ஒரு படம் பார்த்தேன். ரெண்டு பொண்ணுங்க, ஒரு ஸ்கூல், ஒரு ஓபோ, ஒரு ஃப்ளூட். அவ்ளோதான் படம். முடிஞ்சப்போ ராத்திரி ஒரு மணி. எனக்குத் தூக்கம் வரல.

'லிஸ் அண்ட் த ப்ளூ பேர்ட்'. 2018-ல கியோட்டோ அனிமேஷன் தயாரிச்சது. இயக்கம் நவோகோ யமடா. 'எ சைலண்ட் வாய்ஸ்' எடுத்தவர். 'சவுண்ட்! யூஃபோனியம்' தொடரோட கிளைக்கதைதான், ஆனா தொடரைப் பார்க்காதவங்களுக்கும் நல்லாவே புரியும். (இனிமே கதையைச் சொல்லப் போறேன். வேணாம்னா படத்தைப் பார்த்துட்டு வாங்க.)

மிசோரே ஸ்கூல் படிக்கட்டுல காத்திருக்கா. நொசோமி வர்றா, குதிரைவால் ஆட ஆட வேகமா நடக்குறா. மிசோரே பின்னாடியே போறா. ரெண்டு பேரோட காலடிச் சத்தம் கேக்குது. யார் யாருக்காக வாழுறாங்கன்னு அந்த நடையிலயே தெரிஞ்சிடும். நொசோமிக்கு நிறைய ஃப்ரெண்ட்ஸ். மிசோரேக்கு நொசோமி மட்டும்தான்.

பள்ளி இசைக்குழு ஒரு கதையை இசையா வாசிக்கப் போகுது. தனியா வாழுற லிஸ் வீட்டுக்கு ஒரு நீலப் பறவை பொண்ணு உருவத்துல வருது. அது பறவைன்னு தெரிஞ்சதும் லிஸ் அதைப் பறக்க விட்டுடுறா. அந்த இடத்துல ஓபோவும் ஃப்ளூட்டும் பேசிக்கணும். மிசோரேவால சரியா வாசிக்க முடியல. நானா இருந்தா பறவையைப் பூட்டி வச்சிருப்பேனேன்னு நினைக்கிறா.

இதுக்கு நடுவுல, ஒரு டீச்சர் மிசோரேகிட்ட இசைக் கல்லூரிக்குப் போகச் சொல்றாங்க. நொசோமிகிட்ட அப்படி யாரும் சொல்லல. ஆனா நொசோமி, "நானும் அங்க போகலாம்னு இருக்கேன்"னு சொல்லிடுறா. உடனே மிசோரே, நீ போனா நானும்னு சொல்றா.

இந்த இடத்துல படத்தை பாஸ் பண்ணிட்டேன்.

ஏன்னா எனக்கும் ஒருத்தி இருக்கா. ஆறாவதுல இருந்து ஒரே பெஞ்ச். கணக்குல புலி. பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. "அதைப் படிச்சு என்னடி பண்ணப் போற, என்கூட வா"ன்னு நான்தான் சொன்னேன். கவுன்சிலிங் அப்போ, பிரவுசிங் சென்டர்ல பக்கத்துல உக்காந்து என் லிஸ்ட்டை அப்படியே காப்பி பண்ணா. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா!

இந்த வருஷம் மேத்ஸ் சார் அவளைக் கூப்பிட்டு, எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு எழுதுன்னு சொல்லியிருக்கார். வந்து என்கிட்ட கேட்டா: "நீயும் எழுதுறியா? நீ எழுதினா நானும் எழுதுறேன்." நான், "ம்ம்... எழுதலாம்"னேன். எழுத மாட்டேன்னு எனக்குத் தெரியும். அவளைத்தான் சார் கூப்பிட்டார், என்னை இல்லைங்கிறது எங்கயோ குத்திச்சு. அதை அவகிட்ட எப்படிச் சொல்றது?

திரும்ப ப்ளே பண்ணேன். நீ லிஸ்ஸா இல்லாம பறவையா இருந்தா எப்படி இருக்கும்னு டீச்சர் மிசோரேகிட்ட கேக்குறாங்க. அடுத்த ஒத்திகையில மிசோரே வாசிக்கிறா பாருங்க! அவ்ளோ நாளா அடக்கி வச்சிருந்தது மொத்தமும் வெளிய வருது. நொசோமி கையில ஃப்ளூட் நடுங்குது, கண்ணீர் வருது. தான்தான் பறவைன்னு இருந்தவளுக்கு, கூண்டே தான்தான்னு அப்போதான் புரியுது.

அப்புறம் பயாலஜி லேப்ல மிசோரே அவளைக் கட்டிப்பிடிச்சு, உன் சிரிப்பு பிடிக்கும், நடை பிடிக்கும்னு அடுக்குறா. நொசோமி சொல்ற பதில் ஒண்ணே ஒண்ணு: உன்னோட ஓபோ எனக்குப் பிடிக்கும். கல்நெஞ்சக்காரின்னு சில பேருக்குத் தோணலாம். எனக்கு, அவ அந்தப் படத்துலயே பேசின முதல் உண்மையான வார்த்தை அதுதான்னு தோணுச்சு. பொறாமையை முழுங்கிட்டு ஒருத்தரோட திறமையைப் பாராட்டுறது அவ்ளோ லேசு இல்லங்க.

லீவு முடிஞ்சு ஹாஸ்டல் வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். "நான் எழுதலடி. எனக்கு அது வராது. உனக்கு வரும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாவும் இருக்கு. நீ எழுது."

ரெண்டு நாள் பேசல. மெஸ்ல வேற டேபிள்ல உக்காந்தா. மூணாவது நாள் ராத்திரி லேப்டாப்போட வந்து நின்னா. "அப்ளிகேஷன்ல போட்டோ ஏறமாட்டேங்குது, சைஸ் குறைச்சுக் குடு."

குறைச்சுக் குடுத்தேன். அப்புறம் அவளையும் உக்கார வச்சு அந்தப் படத்தைப் போட்டேன். ஆரம்பத்துல திரையில 'டிஸ்ஜாயிண்ட்'னு ஒரு சொல் வரும். "வெட்டாக் கணங்கள், ஒன்பதாவது பாடம்"னா, உடனே. கடைசியில அதுல 'டிஸ்' மட்டும் அடிபடும். அப்போ அவ ஒண்ணும் சொல்லல, என் தோள்ல சாஞ்சுக்கிட்டா.

ஹெட்போன் போட்டுப் பாருங்க, காலடிச் சத்தம் முக்கியம். பார்த்து முடிச்சதும், 'நீ வந்தா நானும்'னு உங்ககிட்ட சொன்ன ஆள் யாருன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.