கணக்கைக் கேட்காமல் கள்ளன் என்றோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாப்பாவின் மௌத்துக்குப் பிறகு, பள்ளிவாசல் முன்றலில் நின்று ஊரில் ட்ரவல்ஸ் நடத்துகிற ஒரு பிள்ளையைப் பற்றி நாங்கள் கதைத்ததைக் கேட்டவர்கள் கட்டாயம் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும். அன்று கதைத்ததைத் திருத்தத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள், கடைசி தங்கச்சி. எங்களில் இரண்டு பேர் ஆசிரியர்கள். அந்த ட்ரவல்ஸ் பிள்ளைக்கு ஓ.எல். வரைக்கும் கணிதம் படிப்பித்ததும் நாங்கள்தான்.

தங்கச்சி கட்டாரில் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைப்பேற்றுக்காக உம்மா தோஹா போனார். இரண்டு மாதத்துக்குப் போய்வரும் டிக்கட். நல்ல முன்கூட்டியே எடுத்ததால் 139,000 ரூபாய்க்குக் கிடைத்தது. உம்மா போய் ஐந்து கிழமைக்குள், ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு வாப்பா விழுந்து விட்டார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். டொக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளிநாட்டில் யாரும் இருந்தால் வரச் சொல்லுங்கள்" என்றார்.

உம்மாவின் திரும்பும் நாளுக்கு இன்னும் 24 நாள் இருந்தது.

இஷாவுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஃபோன் எடுத்தோம். கடை பூட்டியிருந்தது. பத்து நிமிடத்தில் வந்து ஷட்டரைத் திறந்தார். அரை மணித்தியாலம் கொம்பியூட்டரிலும் ஃபோனிலும் இருந்தார். பிறகு, "சேர், இன்டைக்கு ராவு ரெண்டு மணிக்குப் பிளேன். உம்மாவ ரெடியாகச் சொல்லுங்க. 57,300 வருது, காசப் பிறகு பாப்பம்" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். வாப்பா கண்ணைத் திறந்து பார்த்தார், உம்மாவின் கையைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சுபஹோடு போய்விட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஏழெட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கக் கடைக்குப் போனோம். அங்கேதான் பிழை விட்டோம். டிக்கட் கடதாசியில் "திகதி மாற்றலாம்" என்று இருந்தது. அதைக் காட்டி, "மாற்றலாம் என்று போட்டிருக்கு. பிறகு எதற்கு 57,300? மௌத்து வீட்டிலயும் உழைக்கப் பார்க்கிறியா மகன்?" என்று கேட்டோம். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார், நாங்கள் விடவில்லை. காசை மேசையில் வைத்துவிட்டு வந்தோம். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் அதையே சொன்னோம்.

எங்கள் மனதில் இருந்தது பழைய காலம். வாப்பா சவூதியில் இருந்த நாட்களில் டிக்கட் என்பது கார்பன் தாள் புத்தகம். லீவு நீண்டால் கொழும்புக்குப் போய் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவார், அவ்வளவுதான். திகதி மாற்றுவதென்றால் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தோம். ஐயாட்டா அமைப்பு 2008 ஜூன் 1 முதல் கடதாசி டிக்கட்டை நிறுத்தி எல்லாவற்றையும் இ-டிக்கட் ஆக்கியது. டிக்கட் மாறியது எங்களுக்குத் தெரியும். கணக்குத் தெரியாது.

உம்மா இத்தாவில் இருந்தார். ஒரு நாள் பின்னேரம், "அந்தப் பிள்ளைட காசக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ளையளுக்குக் கணக்குப் படிச்சுக் குடுக்கிற ஆக்கள், நீங்க அவன்ட கணக்கக் கேட்டீங்களா?" என்றார்.

நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் போனோம். இந்த முறை கதிரையில் உட்கார்ந்து, "மகன், கணக்கைக் காட்டுங்க" என்றோம். அவர் ஒரு கொப்பித் தாளை எடுத்து வரிவரியாக எழுதினார். நாங்கள் விளங்கிக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு நம்ம ஊரில் குறைவு, எல்லோருக்கும் உதவும்.

விமானத்தில் எக்கனமி என்று ஒரே பகுதியில்தான் எல்லோரும் இருக்கிறோம். ஒரே கதிரை, ஒரே சாப்பாடு. ஆனால் அந்தக் கதிரைகளை விமானக் கம்பனி பல எழுத்துகளாகப் பிரித்து வைத்து விற்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விலை, ஒரு சட்டம். மலிவான எழுத்துகள் முதலில் தீரும். உம்மாவின் டிக்கட் கியூ என்கிற மலிவான எழுத்தில் எடுத்தது. அந்த வியாழன் இரவு விமானத்தில் கியூ ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தவற்றில் குறைந்தது எச் என்ற எழுத்து.

"மாற்றலாம்" என்றால், மாற்றுவதற்கு அனுமதி உண்டு என்பது மட்டும்தான். சும்மா மாற்றித் தருவோம் என்று அர்த்தம் இல்லை. அதே எழுத்தில், அதே விலையில் இடம் இருந்தால் வாப்பாவின் ஸ்டிக்கர் மாதிரி இலேசாக முடியலாம். எழுத்து மாறினால் டிக்கட்டை முழுதாகத் திரும்ப விலை போட்டு, புது டிக்கட் அடிக்க வேண்டும். ட்ரவல்ஸ்காரர்கள் இதைத்தான் ரீஇஷூ என்கிறார்கள்.

அவர் எழுதித் தந்த கணக்கு இது:

உம்மாவின் பழைய டிக்கட் 139,000. அதில் 98,000 விமானக் கட்டணம். மிச்சம் 41,000 விமான நிலைய வரிகளும் கம்பனி போடுகிற மேலதிகக் கட்டணமும். கட்டணத்தைப் போக ஒரு பாதி, வர ஒரு பாதி என்று பிரித்தால் 49,000 படி வரும். போன பாதி பறந்து முடிந்தது, அதைத் தொட ஏலாது. வருகிற பாதிக்கு மட்டும் எச் விலை. எச் எழுத்தில் போய்வர 172,000, அதில் பாதி 86,000. 86,000இலிருந்து 49,000 கழித்தால் 37,000. இதுதான் கட்டண வித்தியாசம்.

அதற்கு மேல் விமானக் கம்பனி அறவிடுகிற மாற்றல் அபராதம் 15,000. வரிகளில் வந்த வித்தியாசம் 1,800. கொழும்பு ஏஜென்சியின் சேவைக் கட்டணம் 2,000. இவருடைய கூலி 1,500.

கூட்டிப் பாருங்கள். 57,300.

இரவு கடை திறந்து, அரை மணித்தியாலம் இருந்து, எங்கள் உம்மாவைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு அவர் எடுத்தது 1,500 ரூபாய். மிச்சம் 55,800ஐயும் அந்த இரவே தன்னுடைய கணக்கிலிருந்து கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார், ஏனென்றால் காசு போகாமல் அங்கே டிக்கட் அடிக்க மாட்டார்கள். அந்தக் காசுதான் எட்டு நாள் எங்களிடம் கடனாக இருந்தது. கடன் தந்தவரையே கள்ளன் என்றோம்.

இன்னொன்றும் தெரிய வந்தது. அதே இரவுக்குப் புதிதாக ஒருவழி டிக்கட் எடுத்தால் எவ்வளவு என்றும் பார்த்திருக்கிறார். 92,000 காட்டியதாம். அதனால்தான் பழையதை மாற்றினார். உழைக்க நினைத்திருந்தால் புதியதை விற்றிருக்கலாம்.

கொழும்பு ஏஜென்சி ஏன் நடுவில் வருகிறது என்று கேட்டோம். டிக்கட் அடிக்கும் அதிகாரம் ஐயாட்டா அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிகளுக்குத்தான். ஊர்களில் உள்ள சின்னக் கடைகள் பல அவர்களிடம் வாங்கித்தான் நமக்குத் தருகின்றன. அடித்த டிக்கட்டின் காசை அந்த ஏஜென்சிகள் பி.எஸ்.பி. என்கிற பொதுக் கணக்கு முறை வழியாக விமானக் கம்பனிகளுக்குக் கட்டுகின்றன. ரீஇஷூ கணக்கில் குறைவாக அறவிட்டால், பிறகு கம்பனி கணக்குப் பார்த்து ஏஜென்சிக்கு ஒரு பற்றுச்சீட்டு அனுப்பும். அதன் பெயர் ஏ.டி.எம். "நீங்க ஏ.டி.எம்.ல காசு எடுக்கிறீங்க சேர், எங்கட ஏ.டி.எம். எங்கள்ட்ட இருந்து காசு எடுக்கும்" என்று சிரித்தார். ஒரு முறை அபராதத்தைச் சேர்க்க மறந்து, மூன்று மாதம் கழித்து அது வந்திருக்கிறது. அதற்குள் வாடிக்கையாளர் வெளிநாடு போய்விட்டார். கைக்காசில்தான் கட்டியிருக்கிறார்.

இனி, நாம் எல்லோரும் தெரிந்து வைக்க வேண்டிய சில விடயங்கள். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு டிக்கட்டுக்கும் சட்டம் வேறுபடும், ஆனால் பொதுவாக இப்படி:

பயணம் தொடங்க முதல் மாற்றினால் பெரும்பாலும் முழு டிக்கட்டுக்கும் இன்றைய விலை பார்ப்பார்கள். ஒரு பாதி பறந்த பிறகு மாற்றினால் பொதுவாக டிக்கட் எடுத்த நாளின் விலைப் பட்டியலைப் பார்ப்பார்கள். அப்போதும் அந்த எழுத்தில் இடம் இருக்க வேண்டும்.

"அபராதம் இல்லை" என்று விளம்பரம் இருந்தாலும் கட்டண வித்தியாசம் உண்டா என்று கேளுங்கள். கொரோனாக் காலத்தில் பல கம்பனிகள் அபராதத்தை நீக்கியபோதும் வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டியிருந்தது.

போக முடியாது என்று தெரிந்தால், விமானம் புறப்பட முதலே சொல்லி இடத்தை ரத்துச் செய்யுங்கள். சொல்லாமல் விட்டால் நோ-ஷோ என்று பதிவாகும். தனி அபராதம் வரும், சில டிக்கட்டில் மிச்சப் பெறுமதியே போய்விடும். போகும் பயணத்தைத் தவற விட்டால் வரும் பயணமும் தானாகவே ரத்தாகக் கூடும்.

கம்பனியே விமானத்தை ரத்துச் செய்தால், அல்லது நேரத்தைப் பெரிதாக மாற்றினால் அது வேறு கணக்கு. அப்போது அபராதமும் வித்தியாசமும் இல்லாமல் வேறு விமானம் தருவதுதான் வழக்கம். இந்த இடத்தில் யாராவது காசு கேட்டால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

மாற்றிய பிறகு புது டிக்கட் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 13 இலக்கம் இருக்கும், முதல் மூன்றும் கம்பனியின் இலக்கம். ஸ்ரீலங்கன் என்றால் 603. புக்கிங்கில் திகதி மாறி டிக்கட் மாறாமல் இருந்தால் விமான நிலையத்தில் சிக்கல் வரும்.

கடைசியாக, தொகையை மட்டும் கேட்காதீர்கள். அபராதம் எவ்வளவு, கட்டண வித்தியாசம் எவ்வளவு, வரி எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று நாலையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஊரில் ட்ரவல்ஸ் நடத்துகிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. எல்லோரும் அந்தப் பிள்ளை மாதிரி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அபராதம் என்று சொல்லித் தன் இலாபத்தை அதற்குள் ஒளிப்பவர்களும் இருக்கலாம். அந்த நாலு வரியையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து விடுங்கள். நேர்மையானவருக்கு அதில் நட்டம் இல்லை. கூலி எடுப்பது ஹலால், அதை மறைக்கத் தேவையில்லை.

நாங்கள் கணக்குத் தாளை மடித்துக்கொண்டு எழும்பி, அவரிடம் மாப்புக் கேட்டோம். "பரவாயில்ல சேர், வாப்பா மௌத்தான நேரம் தானே" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா சேர், உம்ராவுக்குப் போக இருந்த ரெண்டு குடும்பம் வேற இடத்துல புக் பண்ணிட்டாங்க. அவங்களும் எங்கட ஸ்கூல் பிள்ளைகள்ட வாப்பாமார்தான்" என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஓர் ஆசிரியர் சொன்னால் ஊர் நம்பும். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஒரு பிள்ளையின் பிழைப்பில் கை வைத்தோம். அந்த இரண்டு வீட்டுக்கும் நேரில் போய் உண்மையைச் சொல்லி விட்டோம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அதே முன்றலில், அன்று கேட்ட முகங்களைத் தேடித்தேடிச் சொன்னோம். எல்லோரையும் பிடிக்க முடியவில்லை. அன்றைய பேச்சு யார் யார் வாயில் எங்கெல்லாம் போயிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

அவருடைய பெயரை இங்கே போடவில்லை. அவரே வேண்டாம் என்றார். ஊரில் இருப்பவர்களுக்கு யார் என்று தெரியும். அன்று எங்கள் வாயால் கேட்டதை நீங்கள் யாரிடமாவது சொல்லியிருந்தால், இதையும் அவர்களிடம் சேர்த்து விடுங்கள். அது எங்கள் மேல் உள்ள ஒரு கடனை இறக்கி வைத்த மாதிரி.

வாப்பாவுக்காகத் துஆச் செய்யுங்கள். அந்த ஒன்றரை நாளை உம்மாவுக்கு வாங்கித் தந்த பிள்ளைக்காகவும்.