சிவப்புக் காயும் பால்கோவாவும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறோம் என்று சொன்னவுடனே நமது இல்லத்தில் இரண்டு உத்தரவுகள் பிறந்தன. ஆண்டாளைத் தரிசிக்காமல் வரக்கூடாது என்பது ஒன்று. பால்கோவா இல்லாமல் வரவே கூடாது என்பது மற்றொன்று. இரண்டில் எது கடுமையானது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் நாம் புறப்பட்டதற்குக் காரணம் வேறு. கல்லூரியில் நம்மோடு படித்த நண்பர் ஒருவர் ராஜபாளையத்தில் உபாத்தியாயராக இருக்கிறார். "ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கும் கேரம் பந்தயம். ஓர் ஆள் குறைகிறது. உடனே வா" என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவனை ஊர் விட்டு ஊர் அழைக்க இதுவும் ஒரு காரணமா என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைக் கட்டினோம்.

விருதுநகரிலிருந்து செங்கோட்டை செல்லும் ரயில் பாதையில் சிவகாசியைத் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் நெருங்கி வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, முதல் உத்தரவை முதலிலேயே நிறைவேற்றிவிட்டோம். வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் பதினொரு நிலைகளும் சுமார் 192 அடி உயரமும் கொண்டது. தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் விளங்குவது இந்தக் கோபுரந்தான் என்று இவ்வூரார் சத்தியம் செய்வார்கள். மதுரைக்காரர்களிடம் இதைச் சொன்னால் வேறு விதமான சத்தியம் கிடைக்கும். நாம் அந்த வழக்கில் தலையிடப் போவதில்லை. இந்த ஊர்ப் பெரியாழ்வார் பாண்டியன் சபையில் பரம்பொருளை நிலைநாட்டியபோது, கம்பத்தில் கட்டியிருந்த பொற்கிழி தானே தாழ்ந்து வந்ததென்று சொல்வார்கள். குறி தானே தேடி வருவது ஆழ்வார்களுக்குத்தான். நம்மைப் போன்றவர்கள் குறி பார்த்து அடிக்கவேண்டியிருக்கிறது, அடித்தாலும் விழுவதில்லை.

ராஜபாளையம் அங்கிருந்து பஸ்ஸில் அரை மணிப் பயணத்துக்குள் இருக்கிறது. இரண்டும் பக்கத்து ஊர்களே ஆயினும் சுபாவத்தில் வேறானவை. ஒன்று கோயிலைச் சுற்றி வளர்ந்தது; மற்றொன்று பஞ்சாலைகளைச் சுற்றி வளர்ந்தது. ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் ஏற்பட்டது. வெள்ளை மேனியும் சிவந்த மூக்குமாக இருக்கும் இவ்வூர் நாய்க்கு 2005-ம் வருஷம் தபால் தலையே வெளியிட்டிருக்கிறார்கள். சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக 1949-ல் பதவியேற்ற பூ. ச. குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர். பத்துப் பேர் கூடிப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டுமென்று கருதிச் சொந்த வீட்டைக் கொடுப்பவர்கள் எங்கும் அதிகமில்லை.

நாம் போய்ச் சேர்ந்த இடம் அத்தனை பெரியதல்ல. ஒரு தையற்கடையின் வெளித் திண்ணை. கூரையிலிருந்து தொங்கும் ஒரு விளக்கு, அதன் கீழே நாலு செங்கல் உயரத்தில் ஒரு கேரம் பலகை, சுற்றிலும் நாலு முக்காலிகள். மாலை ஏழு மணிக்கு மேல் அங்கே கூடுகிறவர்களில் ஆலைத் தொழிலாளி உண்டு. பாங்கு குமாஸ்தா உண்டு. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத் துணி நெய்விக்கும் வியாபாரி உண்டு. நமது நண்பரும் உண்டு. பாதிப் பேச்சு தெலுங்கிலும் பாதிப் பேச்சு தமிழிலும் நடக்கிறது. காய் விழாதபோது எழும் பெருமூச்சு மட்டும் இரண்டு பாஷைக்கும் பொது.

கேரம் ஆடாத வாசகர் இருக்கமாட்டார். ஆயினும் ஒரு வார்த்தை. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவே ஒரு சிவப்பு. சிவப்பைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. அடுத்து உடனே தன் காய் ஒன்றையும் போடவேண்டும். 'ஃபாலோ' விழாவிட்டால் சிவப்பு மறுபடியும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். சீமையில் சிற்றூர் மதுக்கடைகளில் டார்ட்ஸ் என்று ஓர் ஆட்டம் உண்டு. ஏழு அடி ஒன்பதேகால் அங்குல தூரத்தில் நின்றுகொண்டு சுவரிலுள்ள வட்டப் பலகையில் சிற்றம்பு எறிவார்கள். 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பு இரட்டை மதிப்புள்ள இடத்தில் குத்தினால்தான் வெற்றி. அதுவும் நம் 'ஃபாலோ' போலத்தான்: வெற்றி வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விடும். அவர்கள் பக்கத்தில் பீர் வைத்துக்கொள்கிறார்கள். நம்மவர்கள் டீ வைத்துக்கொள்கிறார்கள். மற்றப்படி பகல் முழுவதும் உழைத்தவர்கள் மாலையில் ஒரு பலகையைத் தேடி வருவது இரு தேசத்திலும் ஒன்றே. டார்ட்ஸில் 2025 ஜனவரியில் உலகப் பட்டம் வென்ற லூக் லிட்லருக்கு அப்போது வயது 17. கேரமில் வட சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் புதல்வி காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வாங்கியபோது அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. திண்ணைக்காரர்கள் இந்தச் செய்தியைத் தங்கள் வீட்டுப் பெண்ணே ஜெயித்ததுபோல நமக்கு மூன்று தடவை சொன்னார்கள்.

சனிக்கிழமை இரவு அவர்களோடு ஆடியபோது ஒன்றைக் கவனித்தோம். எதிரே உட்கார்ந்திருந்த ஆலைத் தொழிலாளி இடது கையால் அடித்தார். வலது கையை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு நண்பர் வீட்டுக்கு நடக்கும்போது விஷயத்தைச் சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு சாலை விபத்தில் அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அதுவரை திண்ணையில் அவருக்கு ஈடு கிடையாது. காயம் ஆறிய பின்பு ஒரு நாள் வந்து, ஒன்றும் பேசாமல் இடது கையால் ஆட உட்கார்ந்தார். ஸ்ட்ரைக்கர் ஒரு பக்கம் போக, காய் ஒரு பக்கம் போயிற்று. அவரைப் பார்த்த தையற்காரர், தமக்கு வலது தோளில் வாயுப் பிடிப்பு என்று சொல்லி இடது கைக்கு மாறினார். மறுநாள் குமாஸ்தாவுக்கும் ஏதோ பிடிப்பு. அந்த வாரத்துக்குள் திண்ணை முழுவதும் இடது கை ஆட்டமாகிவிட்டது. ஒருவரும் ஒருவரிடமும் கலந்து பேசவில்லை என்று நண்பர் சாதிக்கிறார்.

மூன்று மாதம் இது நடந்தது. ஒரு நாள் அவர் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்தபோது, தையற்காரர் வலது கையால் தனியே அடித்துப் பழகுவதைப் பார்த்துவிட்டார். ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போனவர், பத்து நாள் வரவில்லை. பதினோராம் நாள் இவர்கள் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார்கள். கதவைத் திறந்தவர், "பிச்சைக்கு விளையாடுறதுக்கு எனக்கு வேற வேலை இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டாராம். பிறகு ஒரு நிபந்தனை விதித்தார். அவரவர் நல்ல கையால் ஆடவேண்டும். காய் எதையும் விட்டுக்கொடுக்கக்கூடாது. அப்படியே ஆடினார்கள். எட்டு மாதம் அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். "அந்த எட்டு மாசமும் எங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார் நண்பர். இப்போது மூன்று ஆட்டத்துக்கு ஒன்றை ஜெயிக்கிறார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தயம். தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்குப் பால்கோவா வாங்கித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. பாலையும் சர்க்கரையையும் அடுப்பிலேற்றி, கையெடுக்காமல் கிளறிச் சுண்டவைக்கும் இந்தப் பண்டத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. யார் தோற்றாலும் லாபம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்கே என்பதை இத்தனை வருஷமாக ராஜபாளையத்தார் கவனிக்கவில்லை போலும்.

கடைசிப் பலகையில் ஆலைத் தொழிலாளியும் நாமும் ஜோடி. எதிர்க் கட்சிக்கும் நமக்கும் ஒவ்வொரு காயே பாக்கி. சிவப்பு முன்பே போய்விட்டது. அவர் ஸ்ட்ரைக்கரை வைத்தார். ஒரே அடி. காய் மூலையில் விழுந்தது. நாம் எழுந்து ஆர்ப்பரித்தோம். அவர் எழவில்லை.

"ஃபவுல் அண்ணாச்சி. அடிக்கு முன்னாடியே சட்டைக் கை அவுக காய்ல பட்டிருச்சு" என்றார்.

எதிரே இருந்தவர்கள் பார்க்கவில்லை. நாமும் பார்க்கவில்லை. அவர்களே "பரவாயில்லை, விடுங்க" என்றார்கள். அவர் விழுந்த காயை எடுத்து நடுவே வைத்து, அபராதமாக மற்றொரு காயையும் அதன் பக்கத்தில் வைத்தார். எதிரே இருந்த பெரியவர் தமது கடைசிக் காயை மெதுவாகத் தட்டிப் போட்டார். போட்டுவிட்டு, கையை நீட்டி அவருடைய இடது கையைப் பற்றிக்கொண்டார். பற்றிய கை எளிதில் விடுபடவில்லை.

நமக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தந்தான் என்பதை மறைப்பானேன்? முந்திய அடியில் நாம் ஒரு சுலபமான காயைத் தவறவிட்டிருந்தோம். அது விழுந்திருந்தால் இந்தச் சங்கடமே நேர்ந்திராது. நகம் நீண்டிருந்ததால் ஸ்ட்ரைக்கர் திரும்பிவிட்டது என்று பஸ் நிலையம் வரையில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டே போனோம்.

பால்கோவாக் கணக்கில் நம் பங்கைக் கொடுத்து, இல்லத்துக்கும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டோம். பஸ் புறப்படும்போது ஆலைத் தொழிலாளி ஜன்னலருகே வந்தார். ஏதோ விடைபெறும் வார்த்தை சொல்லப் போகிறார் என்று தலையை வெளியே நீட்டினோம்.

"அடுத்த தடவை நகத்தை வெட்டிட்டு வாங்க ஸார்" என்றார்.