கேட்டைத் தாண்டும் அட்டை

மின்னணுத் தொழிற்சாலைகள் பலவற்றில் கேமரா போனோடு உள்ளே போக முடியாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் லென்ஸ் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கும் ஒருவரோடு சுற்றியபோது, அவருடைய விளம்பரமே இந்தக் கெடுபிடியை நம்பித்தான் ஓடுகிறது என்று தெரிந்தது.

அவருக்குக் கடை கிடையாது. பைக், கேமரா பை, அதன் பக்க ஜிப்பில் ஒரு கட்டு அட்டை. விசிட்டிங் கார்டு அளவுதான். ஒரு பக்கம் படமும் போன் நம்பரும். மறுபக்கம் வருஷ காலண்டர், முகூர்த்த நாட்கள் சிவப்பில்.

"ஐடி கார்டு கவருக்குள்ள பின்னாடி சொருகிக்கிறாங்க சார். போன் உள்ள போவாது, இது போவும். லீவு கேக்கறதுக்கு முன்னாடி இதத்தான் திருப்பிப் பாக்குறாங்க."

இதே வட்டாரத்தில், வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். கூட்டம் இங்கே, கல்யாணமோ திருவண்ணாமலைப் பக்கம், விழுப்புரம் பக்கம். அங்கே உள்ளூர் போட்டோக்காரர் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருப்பார். இவர் எப்படி நுழைவது?

"ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு லைன்ல கூட வேலை செய்றவங்க வேன் புடிச்சு வருவாங்க. மேடைல குரூப் போட்டோ எடுத்ததும் ஆளுக்கு ஒரு கார்டு. அடுத்த கல்யாணம் அந்த வேன்லதான சார் இருக்குது?"

அச்சு சிவகாசியில். தினசரி காலண்டர் ஆல்பங்கள் அங்கே ஆடிப்பெருக்கன்று வெளியாகும். ஆடியில் கல்யாணம் இல்லாததால் இவருக்கும் அப்போதுதான் உட்கார்ந்து டிசைன் பார்க்க நேரம். பல பேருடைய கார்டுகளை ஒரே ஷீட்டில் சேர்த்து ஓட்டுவதால் ஆயிரத்துக்குக் குறைந்த ஆர்டரை அச்சகத்தில் வாங்குவதில்லை. முதல் தடவை மயில்கழுத்துப் பட்டு கட்டிய மணப்பெண் படத்தைக் கொடுத்தாராம். திரையில் மின்னிய நிறம் தாளில் மங்கிப்போய் வந்தது. நாலு மையில் அந்த நீலப்பச்சை முழுசாக ஏறாது. இப்போது அரக்கு, மஞ்சள் பட்டுப் படங்களாகவே பொறுக்குகிறார்.

கம்பெனி விழாக்களைப் பிடிக்கலாமென்று ஆர்ட் பேப்பரில் புரோஷர் அடித்ததும் உண்டு. அது செக்யூரிட்டி மேஜையோடு நின்றுவிட்டது. பெரிய ஆலை வேலையெல்லாம் சென்னை ஏஜென்சிகள் வழியாகத்தான். பிளெக்ஸ் வைப்பதில்லை, 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு அதைத் தொடவே மனசு வரவில்லை என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய ஆயுத பூஜைக் கணக்கு. உதிரிபாகம் செய்யும் சின்ன ஒர்க்‌ஷாப்களில் பூஜை முடிந்ததும் எல்லோரையும் மெஷின் முன்னால் நிறுத்தி ஒரு படம். காசு வாங்குவதில்லை. பெரிய பிரின்ட் போட்டு, ஓரத்தில் பெயரும் நம்பரும் சேர்த்து, பிரேமோடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். முதலாளி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுகிறார். சாமி பக்கத்தில் இருப்பதை அடுத்த ஆயுத பூஜை வரை யாரும் கழற்றமாட்டார்கள். எந்த விளம்பரப் பலகைக்கு வருஷ வாடகை இல்லாமல் இப்படி ஓர் இடம் கிடைக்கும்?

ஒரகடம் வாடகை அறைகளில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நிறைய. ஊருக்கு அனுப்ப நல்ல படம் வேண்டுமென்று அவர்களும் தேடி வருகிறார்கள். அடுத்த அச்சில் இந்தியிலும் ஒடியாவிலும் ரெண்டு ரெண்டு வரி சேர்க்கப்போகிறார். இந்திக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஒடியாவில் பிழை பார்க்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.