பெட்டகத்துக்குள் ஒரு பெர்லின் இரவு!

'ட்ரெசோர்' என்றால் ஜெர்மன் மொழியில் பெட்டகம். பெர்லினில் அந்தப் பெயரில் ஒரு டெக்னோ கிளப் இருக்கிறது. நள்ளிரவு தாண்டினால்தான் கூட்டம் களைகட்டும். விடிந்த பிறகும் ஆட்டம் ஓயாது.

அதென்ன பெட்டகம்? வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பம் பெர்லினில் பிரமாண்டமான பல்பொருள் அங்காடி ஒன்றை நடத்தியது. நாஜிக்கள் அதைப் பறித்துக்கொண்டார்கள். போரில் சிதைந்த கட்டடம் பிறகு இடிக்கப்பட்டது. பூமிக்கடியில் இருந்த பெட்டக அறை மட்டும் தப்பியது. பக்கத்திலேயே பெர்லின் சுவர் எழுந்ததால், அந்த இடமே ஆளரவமற்றுப் போனது.

1989-ல் சுவர் விழுந்தது. டிமிட்ரி ஹெகமானும் நண்பர்களும் துருப்பிடித்த லாக்கர்களோடு கிடந்த அந்த அறையைக் கண்டுபிடித்து, 1991 மார்ச்சில் கிளப் ஆக்கினார்கள். அதுவரை சுவரால் பிரிந்திருந்த கிழக்கு, மேற்கு இளைஞர்கள் இங்கே ஒரே இருட்டில் சேர்ந்து ஆடினார்கள்.

ஆடிய இசை பிறந்தது அமெரிக்காவின் டெட்ராய்டில். கார் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த அந்த நகரத்தில், 1980-களில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கியது டெக்னோ. அங்கே வானொலியில் 'தி விஸார்ட்' என்ற பெயரில் கலக்கிய ஜெஃப் மில்ஸின் ஆல்பத்தை 1992-ல் ட்ரெசோரே வெளியிட்டது. நொடிந்த ஒரு நகரத்தின் தாளம், உடைந்து ஒட்டிய இன்னொரு நகரத்துக்கு உயிர் கொடுத்தது!

1963-ல் பிறந்த மில்ஸ் இன்றும் உலகம் சுற்றி வாசிக்கிறார். மேடையில் ஆர்ப்பாட்டம் கிடையாது; பேச்சும் குறைவு. தலை குனிந்தபடி ஒரு இசைத்தட்டு முடிவதற்குள் அடுத்ததை நுழைப்பார். இடையிடையே 909 டிரம் மெஷினை விரல்களால் வாசிப்பார். தவில் தனியாவர்த்தனம் கேட்டு ரசித்தவர்களுக்கு அந்த விரல் வேகத்தின் அருமை புரியும்.

பழைய பெட்டகம் இப்போது இல்லை. அலுவலகக் கட்டடத்துக்காக நிலம் கைமாற, 2005-ல் கிளப் மூடப்பட்டது. 2007-ல், ஒரு காலத்தில் கிழக்கு பெர்லின் வீடுகளுக்கு வெப்பம் தந்த அனல் நிலையத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய லாக்கர்களும் இரும்புக் கம்பிகளும் கூடவே வந்தன. நீண்ட சுரங்கப்பாதை வழியே கீழே இறங்கினால் புகை, இருட்டு, நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் பாஸ் ஒலி. உள்ளே படம் எடுக்கக் கூடாது. அதனாலேயே செல்போனை மறந்து எல்லோரும் ஆடுகிறார்கள்.

சூதாட்ட விடுதிகளோடு ஒரே பட்டியலில் இருந்த கிளப்களைப் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் என்று 2021-ல் ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 2024-ல் பெர்லின் டெக்னோ அந்த நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டின் இறுதியில் 'வாட்டர்கேட்' என்ற புகழ்பெற்ற கிளப் மூடப்பட்டது. வாடகை ஏறிக்கொண்டே போகும் நகரத்தில், பட்டியலில் இடம் கிடைத்த இசைக்கு ஆட ஒரு இடம் மிஞ்சுமா என்பதுதான் பெர்லின்வாசிகளின் கவலை.